வரைபடத்தில் நம் வீடு எங்கே?

மும்பையில் ஒரு ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான். மாதத்தின் முதல் வாரம் வந்தால் சீசன் டிக்கெட் வரிசை நீளும். இப்போது பலர் செல்போனிலேயே எடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் வயதானவர்களும், எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் இன்றும் கவுண்டருக்குத்தான் வருகிறார்கள். "எங்கிருந்து எங்கே?" என்று கேட்பது என் வேலை. அவர்கள் சொல்லும் இரண்டு ஊர்ப் பெயர்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் அவர்கள் வாழ்க்கையில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் இருக்கும் என் அக்கா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தாள். கையில் செல்போன். அதில் யாரோ அனுப்பிய புதிய தாராவியின் வரைபடம்.

"ஏல தம்பி, நீ ரயில்வேல இருக்கிய. மேப்பு பாக்கத் தெரியும்லா? இதுல நம்ம வீடு எங்க இருக்குன்னு சொல்லு" என்றாள்.

அக்கா குடும்பம் இருப்பது மாடி அறை. கீழே வேறொரு குடும்பம். அந்த மாடி அறையில்தான் கிரைண்டர், இட்லிக் கொப்பரை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை எல்லாம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு எரியும். ஐந்தரை மணிக்கு அத்தான் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா பக்கம் கிளம்பிவிடுவார்.

"மாடிக்கு வேற கணக்குன்னு சொல்லுதாவ. தாராவிக்குள்ள கிடையாதாம், வேற எங்கயோ குடுப்பாவளாம். அங்க போய் இட்லிய யாருக்கு விக்க?" என்று கேட்டாள்.

வரைபடத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். சாலை இருந்தது. பூங்கா இருந்தது. உயர்ந்த கட்டடங்கள் வண்ண வண்ணமாக இருந்தன. அக்காவின் சந்து இல்லை. ஒரு நகரத்தின் வரைபடத்தை யார் போடுகிறார்கள், எதை நினைத்துப் போடுகிறார்கள் என்று அன்றிலிருந்து தேடிப் படித்தேன். படித்ததையும் பார்த்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிளேக் நோய் போட்ட சாலைகள்

நகரங்களைப் பற்றி எழுதும் அறிஞர்கள் இரண்டு சொற்களை அடிக்கடி சொல்கிறார்கள். ஒன்று நவீனம். மற்றொன்று பின்நவீனம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பழையதை நீக்கிவிட்டு, அறிவாலும் அளவுகோலாலும் முழு நகரத்தையும் ஒரே திட்டமாகப் புதிதாகக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை நவீனம். அந்த நம்பிக்கை தளர்ந்த பிறகு வந்தது பின்நவீனம். இரண்டையும் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் மும்பையிலேயே இரண்டும் இருக்கின்றன.

1896ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். நெருக்கடியான வீடுகளும் காற்றில்லாத சந்துகளும்தான் காரணம் என்று வெள்ளையர் அரசு முடிவு செய்தது. 1898ல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. பழைய சந்துகளை இடித்து, கடற்காற்று உள்ளே வரும்படி அகலமான சாலைகள் போட்டார்கள். இன்றைய முகமது அலி ரோடு அப்படிப் போட்ட சாலைதான். தாதர், மாட்டுங்கா பகுதிகளில் மனை பிரித்து, மரம் நட்டு, புதிய குடியிருப்புகளை உண்டாக்கினார்கள். அலுவலக வேலைக்கு வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் மாட்டுங்காவில் வேர் பிடித்தது இதனால்தான்.

ஆனால் அந்த டிரஸ்ட் கட்டிய வீடுகளைவிட இடித்த வீடுகள் அதிகம் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வீடு போனவர்கள் அடுத்த சந்துக்குப் போனார்கள். அங்கே நெருக்கடி கூடியது. பிறகு 1920ல் பம்பாய் அபிவிருத்தித் துறை வந்தது. ஒர்லி, நாய்காவ், என்.எம்.ஜோஷி மார்க், சிவ்ரி ஆகிய இடங்களில் அது கட்டிய 207 கட்டடங்கள்தான் பி.டி.டி. சால்கள். ஓர் அறைக்கு 160 சதுர அடி. பொதுக் கழிப்பறை. அதுவும் போதாத தொழிலாளி, வரைபடத்தில் வெறும் சதுப்பு நிலமாக இருந்த இடத்தில் குடிசை போட்டுக்கொண்டான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்த நம்மவர்களின் கதையும் இதுதான்.

சண்டிகரில் கண்டது

நவீனத்தின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் சண்டிகருக்குப் போக வேண்டும் என்று படித்தேன். சென்ற ஆண்டு பாஸ் எடுத்து, வீட்டாரை அழைத்துக்கொண்டு போய்வந்தேன்.

தேசப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. பழைய மரபுகளுக்குக் கட்டுப்படாத புதிய நகரமாக அது இருக்க வேண்டும் என்று நேரு விரும்பினார். 1951 முதல் அதன் திட்டத்தை அமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே. நகரத்தை மனித உடல்போல் நினைத்தார். சட்டசபையும் தலைமைச் செயலகமும் தலை. 17ம் செக்டரின் கடைவீதி இதயம். தொழிற்பேட்டை கை. ஒவ்வொரு செக்டரும் 1,200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். சாலைகளை ஏழு தரமாகப் பிரித்தார். பள்ளிக்கூடம் போகும் குழந்தை பெரிய சாலையைக் கடக்க வேண்டாம் என்பது கணக்கு.

குறை சொல்ல மனம் வரவில்லை. வீதியெல்லாம் மரம். வீடெல்லாம் வெளிச்சம். அரசு ஊழியர்களுக்கு முதல்வரிலிருந்து பியூன் வரை 13 வகை வீடுகள் வரைந்தார்கள். கடைசி வகையில் இருந்த பியூனுக்கும் இரண்டு அறை, சமையலறை, கழிப்பறை, முற்றம். 1950களில் வேறெந்த ஊரில் ஒரு கடைநிலை ஊழியனுக்கு இதைக் கொடுத்தார்கள்? நவீனத்தின் நல்ல பக்கம் இது. ஒரு குமாஸ்தாவாகிய நான் இதை மறக்கக் கூடாது.

ஆனால் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு அந்த 13 வகையில் எதுவும் இல்லை. நகரத்தைக் கட்டிய கொத்தனாரும் சித்தாளும் நகரத்தின் ஓரத்தில் குடிசை போட்டார்கள். அவர்களது காலனிகள் பிறகு ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. ஐந்து லட்சம் பேருக்காகத் திட்டமிட்ட ஊரில் 2011 கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

அங்கே நான் அதிக நேரம் நின்ற இடம் கற்பூங்கா. நேக் சந்த் என்பவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புதிய நகரத்துக்காக இடித்த கிராமங்களின் உடைந்த ஓடு, வளையல், பீங்கான் இவற்றைச் சேர்த்து, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் பொம்மைகள் செய்தார். அது அரசு நிலம். சட்டப்படி ஆக்கிரமிப்பு. 1970களில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். நல்லவேளையாக இடிக்கவில்லை. 1976ல் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். 1984ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. திட்டத்தில் இல்லாத ஒன்று அந்த நகரத்துக்குப் பெருமை சேர்த்துவிட்டது.

இருபது வருடம் கழித்து வந்த ரயில்

மும்பைக்குத் திரும்புவோம். இங்கேயும் அப்படியொரு பெரிய கனவு இருந்தது. 1965ல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் பட்டேல் என்ற மூவர், கடற்கழிக்கு அப்பால் ஓர் இரட்டை நகரம் அமைக்கலாம் என்று யோசனை வெளியிட்டார்கள். 1970ல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. 95 கிராமங்களின் நிலம் நவிமும்பைக்காகக் குறிக்கப்பட்டது. தலைமைச் செயலகம் அங்கே போகும், அதன் பின்னால் அலுவலகங்கள் போகும், தெற்கு மும்பையின் நெரிசல் குறையும் என்பது எண்ணம்.

நடந்தது வேறு. மந்த்ராலயா இடம் பெயரவே இல்லை. நரிமன் பாயிண்டில் கடலைத் தூர்த்து மேலும் மேலும் மாடிகள் எழுந்தன. எங்கள் துறையையும் சொல்லத்தான் வேண்டும். மான்கூர்டிலிருந்து வாஷிக்கு லோக்கல் வண்டி ஓடியது 1992ல்தான். அதாவது சிட்கோ தொடங்கி 22 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தப் பாதைக்கு ஆன செலவில் பெரும்பகுதியைச் சிட்கோவே கொடுக்க வேண்டியிருந்தது. வீடு முதலில், வண்டி பிறகு என்றால் நடுவில் இருந்தவர்கள் பட்ட பாடு அங்கே முதலில் குடியேறியவர்களுக்குத் தெரியும். நிலம் கொடுத்த விவசாயிகள் 1984ல் நடத்திய போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதன் பிறகே அவர்களுக்கு நிலத்தில் பன்னிரண்டரை சதவீதம் மனையாகத் திருப்பித் தரும் திட்டம் வந்தது.

ஆனாலும் நவிமும்பையில் இன்று நம் தமிழர்கள் ஏராளமானோர் நல்ல வீடுகளில் இருக்கிறார்கள். கனவு முழுக்கத் தோற்கவில்லை. கோடு போட்டவர்கள் நினைத்தபடி நடக்கவில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை தளர்ந்த காலம்

இதே காலத்தில் வெளிநாடுகளிலும் சந்தேகம் எழுந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்காக 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, 1950களில் கட்டினார்கள். புரூயிட் இகோ என்று பெயர். இருபது ஆண்டு முடிவதற்குள், 1972ல், வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். நவீனக் கட்டடக் கலை அங்கேதான் செத்தது என்று சார்லஸ் ஜென்க்ஸ் என்ற அறிஞர் 1977ல் எழுதினார். கட்டடத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று பிறகு வந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அந்த ஊரில் வேலை குறைந்தது, ஆட்கள் வெளியேறினார்கள், வாடகை வசூலை நம்பியிருந்த பராமரிப்பு நின்றது. லிப்ட் ஓடாத 11 மாடியில் யார் இருப்பார்கள்?

1961லேயே ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி நியூயார்க்கிலிருந்து ஒரு புத்தகம் எழுதியிருந்தார். வீடும் கடையும் பட்டறையும் கலந்த பழைய தெருதான் உயிருள்ள தெரு, அங்கே எப்போதும் ஆள் நடமாட்டம் இருப்பதால் பாதுகாப்பும் இருக்கிறது என்பது அவர் வாதம். தாராவித் தெருவில் வளர்ந்த எனக்கு இது புதிய செய்தி அல்ல. நான் பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்தால், வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவுக்குத் தகவல் போயிருக்கும்.

ஒரே பெரிய திட்டம் வேண்டாம், கலப்பு இருக்கட்டும், பழைய சின்னங்கள் நிற்கட்டும் என்ற இந்தப் போக்கைப் பின்நவீனம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று?

புகைபோக்கி நிற்கிறது

1982 ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். வேலை நிறுத்தம் வாபஸ் ஆகாமலே கரைந்துபோனது. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. சுமார் 600 ஏக்கர் நிலம், நகரத்தின் நடுவில்.

1991ல் வந்த விதி என்ன சொன்னது? மில் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு மைதானம், பூங்காவுக்கு, ஒரு பங்கு பொது வீடுகளுக்கு, ஒரு பங்கு மில் முதலாளிக்கு. 1996ல் சார்லஸ் கொரியா தலைமையில் ஒரு குழு மில் நிலங்களுக்காக ஒரு திட்டமும் கொடுத்தது. ஆனால் 2001ல் விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் மூன்றாகப் பிரித்தால் போதும் என்று ஆயிற்று. மக்களுக்கு வர வேண்டிய பங்கு மிகவும் சுருங்கியது. 2006ல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது.

இன்று லோயர் பரேல் போனால் பழைய ஃபீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி நிற்பதைப் பார்க்கலாம். சுற்றிலும் பெரிய வணிக வளாகம். பழைய சின்னத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த மாதிரி இடங்களில் நூல் நூற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் 2012 முதல் குலுக்கலில் வீடு விழுமா என்று காத்திருக்கிறார்கள். பழைய நவீனத் திட்டக்காரர் தொழிலாளியை மறந்தார். புதிய காலத்தவர் தொழிலாளியின் சின்னத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்.

நம்பர் இருந்தால்தான் ஆள்

இங்கே ஒரு வழக்கை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டும். சேலம் பக்கத்திலிருந்து 1961ல் பம்பாய்க்கு வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவர் நடைபாதைக் குடிசையில் குடியிருந்தார். 1981 ஜூலை மழையில் குடிசையை இடித்து, குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். வேலை இங்கேதானே இருக்கிறது! பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் முதலியோரும் அவரைப் போன்றவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. இந்தியா முழுவதும் இன்றும் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது.

ஆனால் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. 1976 கணக்கெடுப்பில் நம்பர் போட்டு அட்டை கொடுக்கப்பட்டவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது. அன்றிலிருந்து இந்த நகரத்தில் தேதியும் நம்பரும்தான் மனிதனின் தகுதி. 1995ல் வந்த இலவச வீட்டுத் திட்டத்துக்கு 1995 ஜனவரி 1 கெடு. பிறகு அது 2000 ஆயிற்று.

அந்தத் திட்டம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் இன்றைய நகரம் புரிந்துவிடும். அரசு பணம் போடுவதில்லை. குடிசை நிலத்தில் வழக்கத்தைவிட அதிக மாடி கட்ட பில்டருக்கு அனுமதி கொடுக்கிறது. குடிசைக்காரர்களை ஒரு பக்கம் உயரமான கட்டடத்தில் அடுக்கிவிட்டு, மீதி இடத்தில் கட்டியதை பில்டர் விற்றுக்கொள்ளலாம். வீடு முதலில் 225 சதுர அடி, பிறகு 269, பிறகு 300. முழு நகரத்துக்கும் ஒரு திட்டம் என்பது போய், மனைக்கு மனை பேரம் என்று ஆகிவிட்டது. மான்கூர்டு, கோவண்டிப் பக்கம் மறுகுடியமர்வுக் கட்டடங்கள் மூன்று மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. கீழ்த்தளங்களில் வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. காற்றும் வெளிச்சமும் குறைந்த அந்த வீடுகளில் காசநோய் அதிகம் என்று 2018ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காற்று வேண்டும் என்று 1898ல் சந்துகளை இடித்தார்கள். நூறு வருடம் கழித்து, காற்றில்லாத சந்துகளை மாடி மேல் மாடியாகக் கட்டியிருக்கிறார்கள்.

தாராவியில் கேட்க வேண்டிய கேள்வி

இப்போது தாராவிக்கு வருவோம். ஏறக்குறைய 600 ஏக்கர். தோல், மண்பாண்டம், தையல், பழைய பிளாஸ்டிக், முறுக்கு, இட்லி என்று வீடே பட்டறையாக இருக்கும் ஊர். உலகமெங்கும் இருந்து பேராசிரியர்கள் வந்து, இதுவல்லவா உயிருள்ள நகரம் என்று புகழ்ந்து எழுதுகிறார்கள். 2004ல் மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. பல முறை டெண்டர் மாறி, 2022ல் 5,069 கோடி ரூபாய்க்கு ஒரு தனியார் குழுமத்தின் ஏலம் தேறியது. அறிவித்த விதிகளின்படி, 2000க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை அல்லது தவணை முறையில் வீடு. என் அக்கா சொன்ன "வேற கணக்கு" இதுதான்.

வீடே கிடைக்காமல் போகும் நிலையோடு பார்த்தால் இது முன்னேற்றம்தான். தண்ணீரும் கழிப்பறையும் உள்ள வீடு யாருக்குத்தான் வேண்டாம்? பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். குடிசையைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் அக்காவின் வருமானம் அந்த மாடி அறையில் மட்டும் இல்லை. அறையிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடத்தில் மாட்டுங்கா இருப்பதில் இருக்கிறது. முலுண்டு, தேவ்னார் என்று பெயர்கள் அடிபடுகின்றன. அங்கிருந்து அத்தான் விடியற்காலை லக்கேஜ் டப்பாவில் கொப்பரையோடு ஏறி இறங்கினால், ஆறு மணிக்கு வாங்கும் வாடிக்கைக்காரர் காத்திருப்பாரா?

நவீனத் திட்டம் வீட்டை ஒரு பக்கமும் வேலையை ஒரு பக்கமும் வைத்தது. புதிய காலத்துத் திட்டம் வீட்டைச் சதுர அடியில் அளந்து விற்கிறது. வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கும் மனிதனை இரண்டுமே கணக்கில் எடுக்கவில்லை. எந்தத் திட்டம் வந்தாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்த வீட்டிலிருந்து என் பிழைப்புக்கு எவ்வளவு தூரம்?

வாசகர்கள் ரேஷன் கார்டு, மின் ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், வாடகைச் சீட்டு எதையும் எறிந்துவிட வேண்டாம். கணக்கெடுக்க ஆள் வந்தால், குடியிருக்கும் இடம் என்று மட்டும் சொல்லாமல், இங்கே என்ன தொழில் நடக்கிறது என்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் பெண்களும் போகட்டும். அடுப்பும் கிரைண்டரும் எங்கே வைப்பது என்ற கேள்வி அவர்களுக்குத்தான் முதலில் தோன்றும்.

அன்று மாலை அக்கா கிளம்பும்போது ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். அடுப்புக்கும் கிரைண்டருக்கும் இடம் உண்டா? மாட்டுங்காவுக்கு எத்தனை கிலோமீட்டர்? முதல் வண்டி எத்தனை மணிக்கு?

அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையே இந்தியிலயும் மராட்டியிலயும் எழுதிக் குடு. கீழ் வீட்டுக்காரியும் கேப்பா" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன்.